மாற்றத்தைச் சமாளிக்கும் திறன்: 5-க்கு 2. இந்த மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தம்பிக்கு 24 வயது. ஆட்டிசமும் நடுத்தர அளவிலான அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. இருபது முப்பது சொற்கள் பேசுவார், மற்றதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவார். மூன்று மாதத்தில் நீங்கள் வேறு வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். அவர் தினமும் போய்வரும் பயிற்சி மையத்தில் கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில், ‘மாற்றத்தைச் சமாளிக்கும் திறன்’ என்ற வரிக்கு நேராக 5-க்கு 2 என்று போட்டிருக்கிறார்கள். “இந்த 2 சரியா? வீடு மாறினால் அவன் தாங்குவானா என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 2 தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. பல வருடங்களாக இப்படிப்பட்ட மதிப்பீடுகளைச் செய்து வருகிறேன். ‘மாற்றம்’ என்ற ஒரே பொருளை யாரும் சமாளிப்பதும் இல்லை, சமாளிக்காமல் போவதும் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை, ஒரு குறிப்பிட்ட விதத்தில் சொல்லப்பட்டபோது அல்லது சொல்லப்படாதபோது, உடம்பும் மனமும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது எதிர்கொள்கிறார்கள். இந்த மூன்றையும் எழுதாமல் எண்ணை மட்டும் போட்டால், அது படிவத்தை நிரப்பியவருக்கு அந்த வாரம் எவ்வளவு சிரமம் இருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும்.

வீடு மாறுவது பற்றிக் கேட்டதால் முதலில் ஒரு பழைய பதிவை நினைவுபடுத்துகிறேன். குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் இன்று நாம் அறியும் வடிவில் முதலில் விரிவாக விவரிக்கப்பட்டது. எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அந்தக் குழந்தைகளிடம் அவர் கவனித்தார். அவர்களில் ஒரு சிறுவனின் குடும்பம் வீடு மாறியது. சாமான் ஏற்ற வந்த ஆட்கள் அவன் அறையிலிருந்த விரிப்பைச் சுருட்டியதைப் பார்த்ததும் அவன் துடித்துப்போனான். புது வீட்டில் தன் சாமான்கள் பழைய அமைப்பிலேயே வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்த நொடியில் பதற்றம் முழுவதும் போய்விட்டது. ஒவ்வொரு பொருளையும் அன்பாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சுற்றி வந்தான்.

இந்தச் சிறுவனுக்கு 5-க்கு எத்தனை போடுவது? விரிப்பைச் சுருட்டியபோது பார்த்தவர் 1 போடுவார். மாலையில் பார்த்தவர் 5 போடுவார். இரண்டுமே அவனைப் பற்றிச் சொல்லாது. அவனைப் பற்றிச் சொல்வது இதுதான்: அவனுக்கு வீடு என்பது கட்டடம் இல்லை, பொருட்கள் இருக்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கு திரும்பக் கிடைத்தால் ஊரே மாறினாலும் தாங்குவான். மதிப்பீடு கண்டுபிடிக்க வேண்டியது இந்த மாதிரி ஒரு வரியைத்தான்.

அதனால் முதல் வேலை, உங்கள் தம்பி இதுவரை சந்தித்த மாற்றங்களை நினைவுக்குக் கொண்டுவருவது. நீங்கள், அம்மா அப்பா, மையத்தின் ஆசிரியர், வேன் ஓட்டுநர் என்று அவரோடு நேரம் செலவிடும் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் என்னென்ன மாறியது, அப்போது என்ன நடந்தது? இடம் மாறியதா, ஆள் மாறினாரா, வேலைகளின் வரிசை மாறியதா, பொருள் மாறியதா? முன்பே தெரிந்திருந்ததா, திடீரென்று வந்ததா? அவராகத் தேர்ந்ததா, மற்றவர்கள் முடிவு செய்ததா? புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததா, இருந்த ஒன்று இல்லாமல் போனதா? பத்துப் பன்னிரண்டு சம்பவம் சேர்ந்தாலே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். நான் பார்த்த ஓர் இளைஞர் வெளியூரில் முன்பின் தெரியாத அறையில் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அதே இளைஞர், வேன் ஒருநாள் வேறு தெரு வழியாகத் திரும்பியதற்கு மூன்று நாள் நிலைகொள்ளாமல் இருந்தார். வெளியூர்ப் பயணத்துக்கு அவர் அம்மா ஒரு வாரமாகப் படம் காட்டிப் பழக்கியிருந்தார். தெரு மாறப்போவதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாற்றத்தின் அளவு நம் கணக்கில் பெரியது சிறியது என்று இருக்கும். அவருடைய கணக்கு வேறு.

இதில் எல்லாரும் விட்டுவிடுவது ஆள் மாற்றத்தை. வீடு மாறுவது, மையம் மாறுவது பெரிய நிகழ்வாகப் பதிவாகும். நான்கு வருடம் கூடவே இருந்து சாப்பிட உதவிய பராமரிப்பாளர் ஒருநாள் வேலையை விட்டுப் போனது எந்தப் படிவத்திலும் இருக்காது. விடைபெற்றுப் போனாரா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மிகச் சிலரைத்தான் தன் உலகமாக வைத்திருக்கும் ஒருவருக்கு இது இழப்பு. பேச்சு குறைவாக உள்ளவர்களின் ‘காரணமே இல்லாத’ கோபத்துக்குப் பின்னால் இப்படி ஒருவர் காணாமல்போனதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரே மாதிரித் தெரியும் எதிர்ப்புக்கு ஒவ்வொருவரிடமும் வேறு வேறு காரணம் இருக்கலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும், ஏனென்றால் காரணம் மாறினால் உதவியும் மாறும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அடிப்படையில் வேதனை தருவது ‘அடுத்து என்ன வரும் என்று தெரியாத’ நிலை. மாற்றத்தை விட, அதோடு வரும் நிச்சயமின்மைதான் அவர்களை வாட்டுகிறது. அவர்களுக்கு முன்தகவலும் படவரிசையும் பெரிய ஆறுதல். ப்ரேடர்-வில்லி சிண்ட்ரோம் 15-ஆவது குரோமோசோமோடு தொடர்புள்ள நிலை. அது உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில், கவனத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புவதே மூளைக்குக் கடினமாக இருப்பதாகவும், எதிர்பார்த்தது மாறும்போது வரும் வெடிப்புகளுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவும் தெரிந்திருக்கிறது. இவர்களிடம் ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்பதை ‘கட்டாயம் நடக்கும்’ என்பது போலச் சொல்லிவிட்டால் சிக்கல்தான். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலை உள்ளவர்களில் பலருக்குப் புலன்களும் நரம்புகளும் எளிதில் உச்சத்துக்குப் போய்விடும். புது இடத்தின் சத்தமும் கூட்டமும் நெருக்கத்தில் பார்க்கும் முகங்களுமே போதும், இடம் மாறியது இரண்டாம் பட்சம். ஆட்டிசம் இல்லாமல் அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ள ஒருவருக்குச் சிக்கல் வேறு எதுவும் இல்லாமல், ‘அடுத்த மாதம்’ என்றால் என்னவென்று புரியாததாகவே இருக்கலாம். அவரிடம் மூன்று மாதம் முன்பே சொன்னால் மூன்று மாதமும் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். முன்தகவல் எல்லாருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும் என்பதே மதிப்பீட்டில் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று.

நடத்தையைப் பார்க்கும் முன் உடம்பைப் பாருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன். நேற்றுவரை சின்னச் சின்ன மாற்றங்களைத் தாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது தாங்கவில்லை என்றால், அது குணம் மாறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், தூக்கக் குறைவு, வலிப்பு, பார்வை மங்குவது, தைராய்டு, மாதவிடாய் வலி, புதிதாகத் தொடங்கிய அல்லது அளவு மாறிய மருந்து, இவற்றில் எதுவும் ஒருவருடைய தாங்கும் சக்தியைப் பாதியாக்கிவிடும். பேச முடியாதவர் ‘பல் வலிக்கிறது’ என்று சொல்லமாட்டார், வண்டியில் ஏற மறுப்பார். நாம் ‘மாற்றம் பிடிக்கவில்லை’ என்று எழுதிவிடுவோம். ஏற்கனவே உள்ள குறைபாட்டின் நிழலில் புது நோய் மறைந்துபோவதை ஆய்வாளர்கள் 1982-லேயே பெயர் கொடுத்து எச்சரித்தார்கள். இன்றும் அது தினமும் நடக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் இது இன்னும் முக்கியம். 40 வயதுக்குள் அவர்களில் கிட்டத்தட்ட எல்லாருடைய மூளையிலும் அல்சைமருக்குரிய மாற்றங்கள் வந்துவிடுகின்றன. முதலில் வெளியே தெரிவது மறதியாக இல்லாமல், பிடிவாதம், ஒதுங்குவது, பழகிய வேலையிலேயே தடுமாறுவது என்றும் இருக்கலாம். 45 வயதில் ஒருவர் புதிதாக ‘அடம்’ பிடிக்கத் தொடங்கினால் அவரைக் கண்டிப்பது பெரிய அநியாயம். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உங்கள் தம்பிக்கு 24 வயதுதான். ஆனாலும் வீடு மாறும் முன் பல், காது, கண், வயிறு எல்லாவற்றுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். மூன்று மாதத்தில் இது ஒன்றுதான் முடிந்தது என்றாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, அவர் நிம்மதியாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பதை எழுதிவைப்பது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். பெரும்பாலான கோப்புகளில் ஒருவர் அடித்தது, கத்தியது, உடைத்தது எல்லாம் தேதியோடு இருக்கும். சந்தோஷமாக இருந்தால் அவர் முகம் எப்படி இருக்கும், என்ன ஓசை எழுப்புவார், எங்கே உட்காருவார் என்று ஒரு வரியும் இருக்காது. பேச்சில்லாதவர்களின் வேதனையை அறிய உருவாக்கிய டிஸ்டாட் என்ற கருவி இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: வேதனைக்கென்று எல்லாருக்கும் பொதுவான அடையாளம் கிடையாது, அவரவர் நிம்மதி நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்றுதான் பார்க்க முடியும். எனவே இன்று முதல் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை விழித்தார், எவ்வளவு சாப்பிட்டார், கழிப்பறைப் பழக்கம், எத்தனை சொல் பேசினார், எத்தனை முறை தானாக உங்கள் பக்கத்தில் வந்தார். தினமும் ஐந்து நிமிட வேலை. வீடு மாறியபின் இந்த நோட்டுதான் உங்களுக்குக் கண்.

என்னுடைய ஒரு தவற்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஆரம்ப வருடங்களில் ஒரு பெண்ணை மதிப்பிட்டேன். நாற்பதை நெருங்கும் வயது. அம்மா இறந்தபின் ஒரு காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். போய்ப் பார்த்தபோது அமைதியாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, யாரையும் அடிக்கவில்லை, சொன்னதைச் செய்தார். ‘மாற்றத்தை நன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தார். முன்பு பேசிய சில சொற்களும் நின்றுபோயிருந்தன. அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, உள்ளே ஒடுங்கிப்போயிருந்தார். அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. அவர் வீட்டில் இருந்தபோது எப்படி இருந்தார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பவர் என்று தெரிந்திருக்கும். அந்த மௌனத்தை நான் படித்த விதமே மாறியிருக்கும்.

பிற்பாடு வாசித்தபோது இது என் ஒருவனுடைய தவறு மட்டுமில்லை என்று தெரிந்தது. 1997-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோரை இழந்த அறிவுசார் குறைபாடுள்ள 50 பேரை, அப்படி இழக்காத 50 பேரோடு ஒப்பிட்டார்கள். இழந்தவர்களிடம் மனநலச் சிக்கல்களும் நடத்தை மாற்றங்களும் தெளிவாகக் கூடியிருந்தன. ஆனால் கூட இருந்த பராமரிப்பாளர்கள் அவற்றைத் துக்கத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை. ஆகவே எந்த மதிப்பீட்டிலும் ‘பிரச்சினை செய்யவில்லை’ என்பதை ‘சமாளித்தார்’ என்று எழுத விடாதீர்கள். சிலர் மையத்தில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததும் வெடிப்பார்கள். மையம் 4 போடும், வீடு 1 போடும். ஒருவரையொருவர் பொய் சொல்வதாக நினைப்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

சரி, முறையான கருவிகள் எதுவும் இல்லையா என்றால், இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எட்கர் டால் 1935-இல் வெளியிட்ட வைன்லாண்ட் அளவுகோல் பலமுறை திருத்தப்பட்டு, 2016-இல் மூன்றாம் பதிப்பாக வந்தது. அன்றாட வாழ்க்கைத் திறன்களை அளப்பது. அதில் சமூகப் பகுதிக்குள் ‘சமாளிக்கும் திறன்’ என்று ஒரு துணைப் பகுதியே உண்டு. திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளுக்கான ஆர்பிஎஸ்-ஆர் அளவுகோலில் 43 கேள்விகள். சடங்கு போன்ற பழக்கங்களும், எல்லாம் அப்படியே இருக்கவேண்டும் என்ற பிடிப்பும் அதில் தனித்தனியாக மதிப்பிடப்படும். மனப் பதற்றத்தையும் சோர்வையும் அறிய, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே எளிய மொழியில் உருவாக்கிய கிளாஸ்கோ அளவுகோல்கள் 2003-இல் வந்தன. கடந்த மாதங்களில் நடந்த வாழ்க்கை நிகழ்வுகளைக் கணக்கெடுக்கும் பட்டியல்களும் உண்டு. இவை எல்லாம் பயனுள்ளவை. ஒரு வருடம் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று ஒப்பிடவும், பதற்றமோ மனச்சோர்வோ பின்னால் இருக்கிறதா என்று சந்தேகம் எழுப்பவும் உதவும். ஆனால் ‘இந்த வீட்டுக்குப் போனால் இந்த மனிதர் என்ன செய்வார்’ என்ற கேள்விக்கு இவற்றில் எதிலும் பதில் கிடையாது.

அறைக்குள் வைத்துச் செய்யும் மனச் சோதனைகளிலும் இதே இடைவெளி உண்டு. நிறம், வடிவம், எண்ணிக்கை என்று விதியை மாற்றி மாற்றி அட்டைகளைப் பிரிக்கச் சொல்லும் சோதனை 1948 முதல் இருக்கிறது. புது விதிக்கு மனம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர் இதில் நன்றாகவே செய்கிறார்கள், வாழ்க்கையில் அதே வாரம் சட்டை மாறியதற்கு உடைந்துபோகிறார்கள். ஆராய்ச்சியாளர்களே இந்த முரணை எடுத்து விவாதித்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சோதனை அறையில் ஒரே ஓர் ஆள், அமைதி, தெளிவான பணி, முடியும் நேரம் தெரியும். நிச்சயமின்மையை எடுத்துவிட்டு மாற்றத்தை மட்டும் கொடுக்கிறோம். வாழ்க்கை அப்படிக் கொடுப்பதில்லை.

இன்னொரு கேள்வி. அந்த 2-ஐப் போட்டது யார்? ஆசிரியர். உங்கள் தம்பியிடம் யாராவது கேட்டார்களா? ‘அவனால் பதில் சொல்ல முடியாதே’ என்பீர்கள். முடியும், நாம் கேட்கும் விதம் மாறவேண்டும். ஆம்-இல்லை கேள்விகள் மட்டும் வேண்டாம். அறிவுசார் குறைபாடுள்ள பலர், புரியாதபோதும், எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்தவும், ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. ‘புது வீடு பிடிக்குமா?’ என்றால் ஆமாம். ‘பழைய வீட்டிலேயே இருக்கலாமா?’ என்றாலும் ஆமாம். அதற்குப் பதிலாகப் படங்களை வைத்துக் கேளுங்கள். ஒரு பாய் அல்லது அட்டை, அதில் ஒரு பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் பிடிக்காதது, நடுவில் ‘அப்படி இப்படி’. கட்டில், ஜன்னல், மாடிப்படி, அப்பா, வேன் என்று ஒவ்வொரு படமாகக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து, பக்கங்களை மாற்றி, திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் போவதை நம்பலாம். இதே எண்ணத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’ முறை பல நாடுகளில் பயன்படுகிறது. இதுவும் கடினம் என்றால், அவர் எதைத் தானாகத் தேடிப் போகிறார், எதிலிருந்து விலகுகிறார் என்று பாருங்கள். அதுவும் பதில்தான்.

இப்போது உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். சோதித்துப் பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே அவரைக் கலங்கவைக்க வேண்டாம். சில இடங்களில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். வாழ்க்கையே வாரத்துக்கு நாலைந்து சின்ன மாற்றங்களைக் கொண்டுவரும்: ஆசிரியர் லீவு, மழை, வேன் தாமதம். அவற்றையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதினால் போதும். என்ன மாறியது. எப்போது, எப்படி அவருக்குத் தெரிந்தது. முதலில் என்ன செய்தார். பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது, எது உதவியது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்பதைவிட எவ்வளவு நேரத்தில் மீண்டார் என்பது அவருடைய நிலையை அதிகம் காட்டும். முதல் வாரம் இரண்டு மணி நேரம், ஆறாம் வாரம் நாற்பது நிமிடம் என்றால், கத்தல் அப்படியே இருந்தாலும் முன்னேற்றம் நடந்திருக்கிறது.

இரண்டு மூன்று வாரப் பதிவு கையில் வந்ததும், தகவல் சொல்லும் முறையை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சில நாள் வாயால் மட்டும் சொல்லுங்கள், சில நாள் படம் காட்டுங்கள். சில நாள் முந்தின இரவே, சில நாள் பத்து நிமிடம் முன்பு. அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக வரிசையில் ஒட்டிக் காட்டும் முறை, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் என்ற உளவியலாளர் 1970-களில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக வளர்த்த டீச் திட்டத்தின் வழியாகப் பரவியது. அதோடு ‘மாற்றம்’ என்பதற்கென்றே ஓர் அட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம், ஒரே குறி. நல்ல மாற்றங்களுக்கும் அதைக் காட்டவேண்டும், பிடித்த பாட்டு கூடுதலாக ஒருமுறை என்றாலும் அந்த அட்டை வரவேண்டும். கெட்ட செய்திக்கு மட்டும் காட்டினால் அட்டையைப் பார்த்தாலே ஓடுவார்.

புது வீட்டுக்கு முடிந்தால் ஐந்தாறு முறை கூட்டிப்போங்கள். முதல் தடவை வாசல்வரை போதும். அவருடைய அறையைக் கடைசியாகப் பிரியுங்கள், அங்கே முதலில் அடுக்குங்கள், அதே திசையில் கட்டில், அதே பக்கம் அலமாரி. கேனர் பார்த்த சிறுவன் நினைவிருக்கட்டும். உங்கள் தம்பிக்குப் பொருள் முக்கியமா, ஆள் முக்கியமா, வரிசை முக்கியமா என்பது நீங்கள் சேர்த்த சம்பவங்களிலிருந்து தெரிந்திருக்கும். வரிசைதான் என்றால் அறையை விடக் காலைக் கடமைகளின் வரிசையை அப்படியே காப்பாற்றுங்கள். ஒரே மாதத்தில் வீடு, மையம், வேன் மூன்றையும் மாற்றாதீர்கள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? 1968-இல் கிரெசுக் என்பவரும் ஷெர்மன் என்பவரும் முன்வைத்த ஒரு முறை எனக்குப் பிடிக்கும். பொதுவான அளவுகோலுக்குப் பதில் அந்த ஒரு மனிதருக்கென்றே இலக்கை எழுதி, எதிர்பார்த்தது நடந்தால் 0, அதைவிட நன்றாக இருந்தால் +1, +2, குறைந்தால் –1, –2 என்று வைப்பது. உங்கள் தம்பிக்கு இப்படி எழுதலாம்: குடிபோய் ஒரு மாதத்தில் வாரத்துக்கு ஐந்து இரவாவது தன் அறையில் தூங்குவது 0. எல்லா இரவும் தூங்குவது +1. எல்லா இரவும் தூங்கி, காலையில் தானாகவே எழுந்து தன் வேலைகளைத் தொடங்குவது +2. மூன்று நான்கு இரவு மட்டும் –1, அதற்கும் கீழே –2. இலக்கை முன்பே எழுதிவிடுவதால், பிறகு நாம் சோர்வில் இருக்கும்போது நம் மனநிலையை அவர் மேல் ஏற்றமாட்டோம்.

குடிபோன பிறகு ஒரு வாரம் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று நோட்டை மூடிவிடாதீர்கள். முதல் வாரம் சுற்றுலா போன உணர்வில் நன்றாகப் போய், ‘நாம் திரும்பிப் போகப்போவதில்லை’ என்று புரியும் மூன்றாம் நான்காம் வாரத்தில் சிலர் சரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று அதே நோட்டை எடுத்து மூன்று மூன்று நாள் எழுதிப் பழையதோடு ஒப்பிடுங்கள். எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, இருந்த சொற்களோ திறன்களோ போவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் டாக்டரையும் உளவியலாளரையும் பாருங்கள். ஏற்கனவே மருந்து எடுப்பவர் என்றால் அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இன்னொன்றையும் மதிப்பிட வேண்டும்: மாற்றத்தையே. அது அவருக்கு நல்லதா? எத்தனையோ மதிப்பீடுகளில், மற்றவர்கள் எடுத்த முடிவை இவர் எப்படித் தாங்குகிறார் என்று மட்டும் அளக்கிறோம், அந்த முடிவு சரியா என்று கேட்பதில்லை. புது மையத்தில் ஒருவர் தினமும் உள்ளே போக மறுத்தார். ‘மாற்றத்தை ஏற்காதவர்’ என்று கோப்பில் இருந்தது. போய்ப் பார்த்தால் அவரை உட்காரவைத்த இடத்துக்கு நேர் மேலே ஓயாமல் இரைச்சல் போடும் ஒரு விசிறி. இடத்தை மாற்றிய அன்றே உள்ளே போனார். அவரிடம் குறை எதுவும் இல்லை. மறுப்பது ஒரு தகவல். வீடு மாறுவதை உங்களால் தவிர்க்க முடியாமல் இருக்கலாம். ஆனால் எந்த அறை, எந்த நிறம், எந்த மூலையில் கட்டில் என்பதில் அவர் சொல்வதற்கு இடமிருக்கிறது. தன் கையில் கொஞ்சம் இருக்கும் மாற்றத்தை யாரும் சற்று எளிதாகத் தாங்குவார்கள், உங்களையும் என்னையும் போல.

கடைசியாக அந்தப் படிவம். அடுத்த முறை மையத்தில் உட்கார்ந்து பேசும்போது, 2 என்பதை அடிக்கச் சொல்லிச் சண்டை போடவேண்டாம். உங்கள் நோட்டை எடுத்துப்போய், அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்படி ஏதாவது எழுதச் சொல்லுங்கள். விவரங்களை உங்கள் பதிவிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம்: ‘முந்தின இரவு படம் காட்டிச் சொன்னால் இட மாற்றத்தை ஏற்கிறார், சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறார். சொல்லாமல் வரும் வரிசை மாற்றம் கடினம், மீள ஒன்றரை மணி நேரம் ஆகிறது, தனி அறையும் தன் போர்வையும் உதவுகின்றன. பழகிய ஆள் விலகினால் ஒரு வாரம் தூக்கம் கெடுகிறது, விடைபெற வாய்ப்பு தரவேண்டும். கலங்கும்போது சத்தம் போடமாட்டார், காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார்.’ அங்கே நாளை புதிதாக ஒரு பராமரிப்பாளர் வந்தால், அவர் கையில் கொடுக்கவேண்டியது இந்த நாலு வரி.